சம்பந்தி, ஸ்டார்போர்ட்!

எங்கள் தொழிற்சாலை ஸ்டோர்ஸ் ஜகதீசன் சார் இருபத்தைந்து வயதில் மாயவரத்திலிருந்து வேலைக்கு வந்தபோது, செகந்திராபாத் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கவே அரைமணி ஆயிற்று என்று சொல்வார்கள். இறங்குகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டாராம். பிறகு ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டாராம். கடைசியில் பெட்டியைக் கூட்ட வந்தவனுக்கும் வழிவிட்டு நின்றாராம். இது தனசிங் கட்டிவிட்ட கதை என்கிறார்கள். ஆமாம், கட்டிவிட்டவன் நான்தான். ஆனால் அவரைத் தெரிந்த ஒருத்தராவது அதைப் பொய் என்று இன்றுவரை சொன்னதில்லை.

கேன்டீன் வரிசையில் பத்தாவது ஆளாக நின்றார் என்றால், இருபதாவது ஆளாகத்தான் தட்டை நீட்டுவார். உப்புமா தீர்ந்திருக்கும். கேட்டால், "போகட்டுமே தனசிங், அவாளுக்கு என்ன அவசரமோ" என்பார். அவருக்கு எந்த அவசரமும் கிடையாது என்று இந்த ஊரில் எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் பாய்மரப் படகு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மல்லாபூர்ப் பக்கத்தில் இன்னொரு அரசுத் தொழிற்சாலை படகு வாங்கியது. அவன் வாங்கினால் நம்மாட்கள் விடுவார்களா? எங்கள் விளையாட்டுக் குழுவும் இரண்டு படகு வாங்கியது. எழுபத்தெட்டாம் வருஷம் அவை ஸ்டோர்ஸுக்கு வந்து இறங்கின. ஜகதீசன் சார் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார். படகுக்கு மரம் ஒன்று, சரி. நீலப் பாய் இரண்டு, சரி. சுக்கான், கயிறு, கப்பி, சரி. கடைசியில் பந்தய விதிகள் என்று ஒரு சின்னப் புத்தகம். அதில் பக்கம் குறைகிறதா என்று பார்க்க வீட்டுக்கு எடுத்துப் போனார். பக்கத்தை எண்ணுவதற்கு முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. அவர் படித்தார்.

திங்கட்கிழமை கேன்டீன் மேஜையில் இரண்டு வடையைப் படகாக வைத்து எனக்குப் பாடம் நடந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எனக்கே விளங்கும்படி சொன்னார். படகுக்கு பிரேக் கிடையாது, ஹாரன் கிடையாது, டிராஃபிக் போலீஸும் கிடையாது. காற்றுதான் போலீஸ். உன் வலது பக்கத்திலிருந்து காற்றடித்தால் வழி உன்னுடையது. அதற்கு ஸ்டார்போர்ட் என்று பெயர். இடது பக்கத்திலிருந்து அடித்தால் நீ விலகு. இரண்டு படகுக்கும் ஒரே பக்கத்துக் காற்று என்றால், காற்று முதலில் யாரைத் தொடுகிறதோ அவன் விலக வேண்டும். பின்னாலிருந்து முந்த வருகிறவன் எப்போதும் விலக வேண்டும்.

"பாத்தேளா தனசிங்," என்றார், முகமெல்லாம் பூரிப்பாக. "புஸ்தகம் பூரா விலகு, விலகு, விலகுன்னேதான் இருக்கு. எவ்வளவு மரியாதைப்பட்ட விளையாட்டு!"

புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. வழி யாருடையதோ, அவன் போன போக்கிலேயே போகவேண்டும். எதிரே வருகிறவன் விலகும் நேரத்தில் இவன் திசையை மாற்றி அவனைக் குழப்பக்கூடாது. அதையும் அவர் சொல்லத்தான் செய்தார். சொல்லும்போது ஒரு வடையை எடுத்துத் தின்றுவிட்டார். எனக்கு அப்போது அது அவ்வளவாக உறைக்கவில்லை. அவருக்கும் உறைக்கவில்லை.

விதி தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான் என்று சுக்கானை அவரிடம் கொடுத்தார்கள். காற்றில் படகு சாயும்போது விளிம்பில் தொங்கி நிமிர்த்த ஒரு கனமான ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். மெஷின் ஷாப்பில் பதினெட்டு வருஷம் நான் செய்த வேலையை யாரும் இப்படித் தேடி வந்து பாராட்டியதில்லை. என் எண்பத்தாறு கிலோவைப் பாராட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹுசேன் சாகரில் பயிற்சி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஏரியில் வேறு படகு இல்லையென்றால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கன்னத்தில் படும் காற்றை வைத்தே, "இப்ப வலுக்கப்போறது, வெளில சாயுங்கோ" என்பார். நான் சாய்ந்து முடிப்பதற்குள் வலுத்துவிடும். ஆஃபீசில் குனிந்தே இருக்கும் முதுகு அங்கே நிமிர்ந்து இருக்கும். தூரத்தில் இன்னொரு பாய் தெரிந்துவிட்டால் போச்சு. "வரட்டும், வரட்டும்" என்று ஒதுங்கிவிடுவார். வழி நம்முடையதுதானே சார் என்றால், "இருக்கட்டுமே, நம்மகிட்ட இருக்கறதைத்தானே விட்டுக்கொடுக்க முடியும்?" என்பார். ஐந்து வருஷம் ஓடிய எல்லாப் பந்தயத்திலும் நாங்கள்தான் கடைசி. ஏரிக்கரைப் படகு கிளப்பில் எங்கள் படகு கரைக்கு வந்தால்தான் டீக்கு பாலை அடுப்பில் வைப்பார்கள்.

ஒதுங்கியே இரண்டு பேரை இடித்தும் இருக்கிறார். அவன் விலகப் போன பக்கமே இவரும் விலகுவார். ஒரு ராணுவக் கேப்டன் தண்ணீரில் நின்றபடி திட்டிய திட்டு எனக்கு ஆங்கிலம் தெரியாததால் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும்.

இனிதான் விஷயம். எண்பத்துமூன்றாம் வருஷம் ஆனி மாதம், அவருடைய ஒரே மகள் நீலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளையின் அப்பா அனந்தராமன், நான் சொன்னேனே, அந்த மல்லாபூர்த் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. மயிரிழை பிசகினாலும் வேலையைத் திருப்பி அனுப்புகிறவர் என்று பெயர். பிள்ளை சுந்தரேசனுக்கு வங்கியில் வேலை. பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆகி, ஜாதகம் பொருந்தி, பெண்ணும் பிள்ளையும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தது ஆடி, நல்ல காரியம் கூடாது. ஆவணியில் நிச்சயதார்த்தத்துக்குத் தேதி பார்ப்பது என்று பேச்சு.

எழுந்து போகும்போதுதான் அனந்தராமன், "நீங்களும் படகு விடறேளாமே" என்றார். அந்தத் தொழிற்சாலைப் படகுக்கு அந்த வருஷத்திலிருந்து சுக்கான் பிடிப்பவரே அவர்தான். பாய்க்கயிறு பிடிப்பவன் மாப்பிள்ளைப் பையன்; வீட்டு ஆளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆடியில் தொழிற்சாலைகளுக்கிடையே பந்தயம். உங்கள் நீலப் பாயை ஏரியில் சந்திப்போம் என்று சிரித்தபடி போனார்கள். ஜகதீசன் சார் வாசல்வரை போய் அவர்களுக்கு வழிவிட்டு நின்றார்.

பெண்ணைப் பெற்றவர் பிள்ளையைப் பெற்றவரிடம் எப்படி நடப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அவர் உட்கார்ந்த பிறகு உட்கார வேண்டும். அவருக்கு முன்னால் செருப்புக்கூட மாட்டக்கூடாது. மற்றவர்கள் அதைக் கஷ்டப்பட்டுச் செய்வார்கள். இவருக்கோ பிறவியிலேயே வந்த வித்தை.

முதல் பந்தயம் சனிக்கிழமை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஏரியில் நாங்கள் எம்மாத்திரம். பாதி தூரத்தில் எதிரே குறுக்காக வந்தது அனந்தராமன் படகு. எங்களுக்கு வலப்பக்கக் காற்று, வழி எங்களுடையது. அவரும் அதைப் பார்த்து முறையாக எங்கள் பின்பக்கமாகப் போக சுக்கானைத் திருப்பினார்.

"சம்பந்தி வர்றார்" என்றார் எங்கள் ஆள்.

"வரட்டும் சார், அவர்தான் விலகுதாரே! நீங்க நேரே விடுங்க!"

"அவர் விலகி நான் போறதா? நன்னாருக்குமா?" என்று சொல்லிச் சுக்கானைத் திருப்பினார்.

அவர் எங்கள் பின்னால் போகப் பார்க்க, இவர் அவர் பின்னால் போகப் பார்க்க, இரண்டு படகும் மூக்கோடு மூக்கு முட்டியது. சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுவார்களே, அதே ஆட்டம்தான். ஆனால் மனுஷனுக்கு நிற்கத் தெரியும். எங்கள் படகின் மூக்கில் பலகை பிளந்தது. மாப்பிள்ளைப் பையன் என் மடியில் வந்து விழுந்தான்.

ஜகதீசன் சார் எழுந்து நின்று கைகூப்பினார். "மன்னிக்கணும், ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். அனந்தராமன் பாய்க்கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். புகார் கொடுக்கப் போகிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம்.

சாயங்காலம் கிளப் வராந்தாவில் விசாரணை. நடுவில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர். இரண்டு தீப்பெட்டிதான் படகு, ஒரு பென்சில்தான் காற்று. தீப்பெட்டிகளை நகர்த்திக் காட்டச் சொன்னார். ஜகதீசன் சார் தன் தீப்பெட்டியை நகர்த்தும்போதும் அனந்தராமன் தீப்பெட்டிக்கு இடம் விட்டே நகர்த்தினார்.

"வழி உங்களுது. அப்புறம் கைக்கு மோடே, ஜகதீசன் சாப்?" என்றார் கர்னல். ஏன் திருப்பினாய் என்கிறார்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சார், அவர் பிள்ளையாத்துக்காரர். நான் பொண்ணாத்துக்காரன்" என்றார். கர்னலுக்கு விளங்கவில்லை. நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில், "லட்கே கா பாப் வோ, லட்கி கா பாப் யே, சாப்" என்றேன்.

கர்னல் சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "யே ரூல் இதர் நை ஹை", அப்படி ஒரு விதி இதில் இல்லை என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். அன்றைய பந்தயத்தில் எங்கள் படகு தகுதியிழந்தது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அனந்தராமனுக்குக் காது சிவந்துவிட்டது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒதுங்கிண்டுதானே இருந்தேன்? எனக்குச் சட்டம் தெரியாதா?"

"ஐயோ, தெரியாம இருக்குமா..."

"அப்போ பிள்ளையைப் பெத்தவன்ங்கற கொம்பை வெச்சுண்டு ஏரிலகூட முட்ட வர்றவன்னு நெனச்சுட்டேள். கர்னல் என்னை அப்படித்தான் பாத்தார். நாப்பது பேர் சிரிச்சா." துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்குப் பந்தயம் முடியட்டும். தேதி விஷயம் அப்புறம் யோசிக்கலாம்."

யோசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். ஜகதீசன் சாரை மாரேட்பள்ளியில் அவர் வீட்டில் கொண்டுபோய் விட நானே கூடப் போனேன். தனியே விட்டால் வழியில் யாருக்காவது வழிவிட்டு அங்கேயே நின்றுவிடுவார் போலிருந்தது.

அவர் மனைவி கல்பகம் கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்து உட்கார்ந்தார். "ஏன்னா, நாளைக்கு அவர் இருக்கற திக்குக்கே போகாதீங்கோ. அவர் ஜெயிச்சுட்டுப் போகட்டும். பொண்ணு கல்யாணம் பெரிசா, தண்ணில மிதக்கற பலகை பெரிசா?"

"அதுதான் நானும் நெனச்சேன்."

"நக்கோ, வேண்டாம்!" என்று உள்ளேயிருந்து வந்தாள் நீலா. இங்கே பிறந்து வளர்ந்த பெண்; கோபம் வந்தால் தமிழ் பாதி வழியில் நின்றுவிடும். "அப்பா, உன்னை அவர் திட்டினது நீ முட்டினதுக்கா? இல்ல. உன் வழில நீ போகலைன்னு. திரும்பவும் ஏன் ஒதுங்கறே, கைக்கு?"

"குழந்தே, சம்பந்தி மனசு கோணினா..."

"நீ இன்னிக்கு ஒதுங்கினா, நான் அந்தாத்துல ஆயுசுக்கும் ஒதுங்கணும். சமையல்கட்டுல, கூடத்துல, எல்லா இடத்துலயும். 'இவ அப்பாவே அப்படித்தானே'ன்னு சொல்லுவா. அதுக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்."

கல்பகம் அம்மா அவள் வாயைப் பொத்தப் போனார். ஜகதீசன் சார் கொடுத்த மோரைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "தனசிங், 'ஸ்டார்போர்ட்'னு எவ்வளவு சத்தமா சொல்லணும்?" என்றார்.

"எதிராளிக்குக் காது கேக்கணும் சார்."

"எனக்கு அவ்வளவு சத்தம் வராதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வந்து படகின் மூக்கில் தகடு வைத்து ஆணி அடித்திருந்தேன். கரையில் கல்பகம் அம்மாவும் நீலாவும் காபி ஃபிளாஸ்க்கோடு நின்றார்கள். கல்பகம் அம்மா உதடு எதையோ ஜபித்துக்கொண்டிருந்தது. பந்தயத்துக்கா, பஞ்சாயத்துக்கா, தெரியாது.

காற்று முந்தின நாளைவிட மோசம். முதல் சுற்றில் நாங்கள் ஆறாவதாக இருந்தோம். எட்டுப் படகில் ஆறாவது! எனக்கே புல்லரித்தது. காரணம் ஒன்றுமில்லை, அதுவரை எந்தப் படகும் எங்களைக் குறுக்கிடவில்லை. இரண்டாவது சுற்றில், இடது பக்கமிருந்து, நேற்றுப்போலவே வந்தது அனந்தராமன் படகு. நேற்றுப்போலவே எங்களுக்கு வலப்பக்கக் காற்று.

ஆனால் இன்றைக்கு அவர் பின்னால் போகத் திருப்பவில்லை. நேரே எங்கள் முன்னால் குறுக்கே ஓடப் பார்த்தார். நேற்றுக் கரையில் பேசிய பேச்சு வேறு, தண்ணீரில் வரும் ஆசை வேறு. எப்படியும் இந்த மனுஷன் ஒதுங்கிவிடுவான் என்று ஐந்து வருஷமாக இந்த ஏரியே கற்று வைத்திருந்ததே, அதை அவரும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார். இன்ஸ்பெக்ஷன்காரர் அளவு பார்த்திருப்பார், நாலடி இருக்கிறது என்று. நாலடி இல்லை. எனக்குத் தெரிந்தது, மோதினால் அவர்கள் படகின் வயிற்றில் எங்கள் தகடு அடித்த மூக்கு.

"சார்," என்றேன்.

அவர் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்தார். திரும்பப் போகிறது என்றே நினைத்தேன். திரும்பவில்லை.

"ஸ்டார்போர்ட்..." என்றார். பந்தியில் கடைசி ஆள் தண்ணீர் கேட்பதுபோல.

"தண்ணியா கேக்கீக சார்? கத்துங்க!"

"கொஞ்சம்... ஸ்டார்போர்ட்..."

"சத்தமா!"

அவர் மூச்சை இழுத்தார். அந்த வாயிலிருந்து வந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. கிளப் வராந்தாவில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவனும் மறக்கவில்லை.

"சம்பந்தி! ஸ்டார்போர்ட்! ஸ்டார்போர்ட்! என் வழி ஓய்!"

ஓய் என்றது அவருக்கே தெரிந்திருக்காது. அனந்தராமன் தலையைத் தூக்கினார். எங்கள் மூக்கைப் பார்த்தார், அது திரும்பவில்லை என்று பார்த்தார், அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சுக்கானைத் தன் பலமெல்லாம் கூட்டித் தள்ளிப் படகை அப்படியே சுழற்றினார். சுழலும்போது முன்பாயின் கயிற்றை உடனே விட வேண்டும். அது மாப்பிள்ளைப் பையன் வேலை. அவன் விடவில்லை. கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தானா, எங்கள் ஆளின் சத்தத்தில் உறைந்து போனானா, நான் சத்தியம் செய்யமாட்டேன். பாயில் காற்று தப்புப் பக்கமாக ஏறியது. படகு சாவகாசமாகப் படுத்தது. அப்பாவும் பிள்ளையும் ஹுசேன் சாகரில்.

அந்தத் தண்ணீரின் வாசனை தெரிந்தவர்கள் மேலே கேட்க வேண்டாம்.

இரண்டு தலையும் மேலே வந்தன. மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். மீட்பு மோட்டார் படகும் கிளம்பிவிட்டது. ஆனால் ஜகதீசன் சாரின் முகத்தில் ரத்தமே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரைத் தண்ணீரில் தள்ளிய பெண் வீட்டார் மாயவரம் வட்டாரத்திலேயே இல்லையே! ஆபத்தில் இருப்பவருக்கு உதவு என்பது புத்தகத்தில் முதல் விதி. சுக்கானைத் திருப்பப் போனார்.

ஆகாயத்தாமரை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரிலிருந்து அனந்தராமன் கத்தினார்: "நிக்காதீங்கோ! எனக்கு ஒண்ணும் இல்லை! உங்க வழில போங்கோ சம்பந்தி, போங்கோ!"

"சம்பந்தின்னு சொன்னாரா?" என்று ஜகதீசன் சார் என்னைக் கேட்டார்.

"சொன்னார் சார். மோட்டார் படகும் வந்திட்டு. இப்பவாவது போங்க!"

போனோம். நாலாவதாக முடித்தோம். கிளப்பில் டீ தயாராக இல்லை. பாலே அடுப்பில் ஏறவில்லை.

கரையில் இறங்கியும் ஜகதீசன் சார் எங்கள் படகுக்குப் பின்னாலேயே நின்றார். அனந்தராமன் பச்சையாகச் சொட்டச் சொட்ட வந்தார். நேரே கர்னல் மேஜைக்குப் போய், காகிதம் வாங்கி, நான் விலகியிருக்க வேண்டும், விலகவில்லை, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மயிரிழை பிசகினால் திருப்பி அனுப்புகிறவர் என்றேன் அல்லவா, தன்னையே திருப்பி அனுப்பிக்கொண்டார். பிறகு எங்களிடம் வந்தார். கல்பகம் அம்மா தன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைப் பையன் நீலாவிடமிருந்து ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, துடைத்துக்கொள்ளாமல் சும்மா கையில் வைத்திருந்தான்.

"நேத்திக்கே இப்படிக் கத்தியிருந்தா நான் தண்ணில விழுந்திருக்க மாட்டேனே" என்றார் அனந்தராமன்.

"மன்னிக்கணும்..."

"எதுக்கு? தப்பு என்னோடதுன்னு இப்பத்தான் எழுதிக் குடுத்துட்டு வர்றேன். அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்றேளா?" காதில் இருந்த தண்ணீரைத் தட்டி வெளியேற்றினார். "போகட்டும். ஆவணி பன்னெண்டு நல்ல நாளா இருக்கு. நிச்சயத்தை அன்னிக்கே வெச்சுக்கலாம். சௌகரியந்தானே?"

ஜகதீசன் சார் வாயைத் திறந்தார். உங்கள் சௌகரியம்தான் எங்கள் சௌகரியம் என்ற வார்த்தை அவர் உதடு வரை வந்ததை நான் பார்த்தேன். நீலாவும் பார்த்தாள். அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பன்னெண்டு ஆகாது," என்றார் அவர். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, கத்தியதனாலோ என்னவோ. "அன்னிக்கு ஸ்டோர்ஸ்ல சரக்கு எண்ற நாள். நான் இருந்தாகணும். பதினாறு வெச்சுக்கலாம். பஞ்சாங்கத்துல பாத்துட்டேன், அதுவும் நல்ல நாள்தான்."

கல்பகம் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அனந்தராமன் அவரை மேலும் கீழும் பார்த்தார், ஓர் உருப்படியை ஸ்கேல் வைத்துப் பார்ப்பதுபோல. பிறகு பெரிதாக ஒரு தும்மல் போட்டார்.

"பதினாறே வெச்சுக்கலாம்" என்றார். "காபி இருக்கா?"